அரசாங்க இறைச்சி

அத்தியாயம் 14

மாமியார் ஒலிப்பதிவுப் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து போனதோடு நிறுத்தியிருந்தேன்.

என் மகள் ஜோலீன் விடுமுறைக்கு வந்திருந்தபோது நடந்தது அது. சமையலறை மேசையில் பெட்டியை வைத்து, பாட்டியை எதிரே உட்கார வைத்து, பழைய கதைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்டுக்கிளி வந்தது, கோதுமை கருகியது, மாவு மூட்டைத் துணியில் கவுன் தைத்தது என்று அவரும் சரளமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "பாட்டி, முப்பத்து நாலுல ஒரு மணி தானியம் விளையலையே, அந்தக் குளிர்காலத்துல என்னதான் சாப்பிட்டீங்க?" என்று கேட்டதும் விரலை நீட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

ஜோலீன் ஞாயிற்றுக்கிழமை லிங்கன் நகரத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். கேள்வி மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அதற்குப் பதில் கிடைத்தது. கிடைத்த விதம்தான் வேறு.

எங்கள் மாவட்டத்துக்கு இந்த வருஷம் நூறு வயது. அதற்காக ஒரு புத்தகம் போடுகிறார்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம். அவரவர் கதையை அவரவரே எழுதி, வீட்டில் உயிரோடிருக்கும் மூத்தவரிடம் கையெழுத்து வாங்கி, டவுன் நூலகத்தில் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கெடு.

டீடெமான் குடும்பத்துப் பக்கத்தை எழுதும் வேலையை, யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டவர் என் நாத்தனார் இர்மா அண்ணி, என் வீட்டுக்காரர் ரோலண்டின் அக்கா. வயது அறுபது. டவுனில் மருந்துக்கடைக்காரரின் மனைவி. முப்பது வருஷமாக சர்ச்சின் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்து எடுத்து, உப்பு கேட்டால்கூட வகுப்பறையில் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

பத்து மணிக்குக் காகித உறையோடு வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே படித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கின் கொடிய வறட்சியிலும் எங்கள் தந்தை கெர்ஹார்ட் டீடெமான், அரசாங்கம் கொடுத்த ஒரு பிடி மாவையோ ஒரு துண்டு இறைச்சியையோ தம் வீட்டுக்குள் அனுமதித்ததில்லை. அயோவாவில் இருந்த எங்கள் தாய்மாமன் ஓட்டோ ரயிலில் அனுப்பிய இறைச்சி ஜாடிகளே அந்தக் குளிர்காலத்தில் எங்களைக் காப்பாற்றின."

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. என் அப்பா அரசாங்க நிவாரண வேலையில் சாலைக்குக் கல் உடைத்தவர். என் அம்மா நிவாரண மாவில் ரொட்டி சுட்டுத்தான் எங்களை வளர்த்தார். கல்யாணத்தன்று மாமனார் என் தோளில் கை வைத்து, "பழசையெல்லாம் வாசல்லயே விட்டுட்டு வாம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கும் நினைத்தால் சுருக்கென்கிறது.

படித்து முடித்துப் பேனாவை நீட்டினார் இர்மா. மாமியார் அல்வினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தை வாங்கி, இன்னொரு முறை தானே படித்தார். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏம்மா, ஏதாவது விட்டுப்போச்சா?"

"விட்டுப் போகலடி. பொய்யா இருக்கு."

"எது பொய்?"

"ஓட்டோ."

இர்மா அண்ணி வீட்டுக் கூடத்தில் ஓட்டோ மாமாவின் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே எப்போதும் ஒரு பூ ஜாடி இருக்கும். அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"என்னம்மா சொல்றே? ஓட்டோ மாமா அனுப்பலையா?"

"ரெண்டு கடுதாசி போட்டேன் அவனுக்கு. புள்ளைக்கு ஏதாவது அனுப்புடான்னு கெஞ்சினேன். முதல் கடுதாசிக்குப் பதிலே இல்ல. ரெண்டாவதுக்கு ஒரு பொட்டலம் வந்துச்சு. பிரிச்சுப் பாத்தா, அவங்க ஊர்ப் பிரசங்கியோட பேச்சை அச்சடிச்சு அனுப்பியிருக்கான். பொறுமையைப் பத்தி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் உருளைக்கிழங்குக்குத் திரும்பிவிட்டேன்.

"அப்ப அந்த ஜாடியெல்லாம்?"

"அரசாங்கத்து மாடு" என்றார் மாமியார். "உக்காரு. நின்னுக்கிட்டு என்னை மிரட்டாதே."

அண்ணி உட்கார்ந்தார்.

மாமியார் சொல்ல ஆரம்பித்தார். முப்பத்து நாலு ஆகஸ்டில் மாட்டுக்குப் போடப் புல் இல்லை. பட்டினியில் சாகிற மாடுகளை விலைக்கு எடுத்துக்கொள்ள அரசாங்கத்து ஆட்கள் வந்து எண்ணினார்கள். எங்களிடம் இருந்தது பதினேழு. ஒன்பது ரயிலேற்றத் தேறும் என்றார்கள். எட்டு தேறாது, இங்கேயே சுட்டுவிட வேண்டும் என்றார்கள். மாமனார் அந்த ஒன்பதையும் தானே ஓட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டார். திரும்பி வர இரண்டு நாளாகும்.

"சுடற சத்தத்தைக் கேக்க முடியாமதான் போனாருன்னு எனக்குத் தெரியும். நான் எங்க போறது? வயித்துல ரோலண்ட் மூணு மாசம். சமையக்கட்டுல நின்னு எட்டையும் எண்ணினேன். அதுக்கப்புறம் அந்த ஆபீசர் தண்ணி கேட்டு வந்தான். சின்ன வயசுதான். 'இதை யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவும்மா. நான் இப்ப வண்டிகிட்டப் போயி, ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்கப்போறேன்'னான். அப்படியே போயி முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான்."

"நீ என்ன பண்ணினே?"

"நான் அழுதுகிட்டு நின்னேன். மேபல்தான் வந்தா."

மேபல் ஹாஸ்கெட் அடுத்த பண்ணைக்காரி. இறைச்சியை ஜாடியில் அடைத்து வேகவைத்துப் பதப்படுத்த, எங்கள் பக்கத்துப் பெண்கள் சங்கத்துக்கு அப்போது ஒரே ஒரு பெரிய பிரஷர் குக்கர். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சுற்றும். அந்த வாரம் மேபலின் முறை. இரண்டு கத்தியையும் அந்தக் குக்கரையும் குழந்தைகளின் இழுவண்டியில் வைத்து, அரை மைல் இழுத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்.

"'அழறதுன்னா வெட்டிக்கிட்டே அழு'ன்னா. ரெண்டு நாள் பண்ணினோம். வெளியில நூத்திப் பத்து டிகிரி. ஜன்னலைத் தொறந்தா புழுதி ஜாடியில விழும், அதனால தொறக்கவும் முடியல. மொத்தம் அறுபத்திரெண்டு ஜாடி. ஆளுக்குப் பாதி."

"நான் எங்க இருந்தேன்? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே."

"உனக்குக் கக்குவான் இருமல். டவுன்ல சித்தி வீட்ல கிடந்தே. உங்கப்பா திரும்பி வந்தாரு, ஜாடியைப் பாத்தாரு. ஏதுன்னாரு. ஓட்டோ அனுப்பினான்னேன். 'உன் தம்பி பரவாயில்லையே'ன்னாரு. அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியிருந்தா கொண்டு போயிப் புதைச்சிருப்பாரு."

அண்ணி கொஞ்ச நேரம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சமாதானமாகவே பேசினார்.

"சரிம்மா. நடந்தது நடந்து போச்சு. அம்பது வருஷம் ஆச்சு. ஓட்டோ மாமா பேரு இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"மேபலுக்கு."

இதைத்தான் அவர் அத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். குரல் உடையாமல்தான் சொன்னார். கைகள் மட்டும் மடியிலேயே இருந்தன.

முப்பத்தைந்து மார்ச்சில் எங்கள் லூத்தரன் சர்ச்சில் பொது விருந்து. ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுவருவார்கள். மேபல் இறைச்சியும் நூடுல்ஸும் கொண்டுவந்திருந்தார். இறைச்சி ஏது என்று யாரோ கேட்டார்கள். மேபல் பொய் சொல்லத் தெரியாதவர். அரசாங்கம் சுட்ட மாடு என்று சொல்லிவிட்டார். மாமனார் சர்ச் நிர்வாகத்தில் மூப்பர். எல்லோர் முன்னிலையிலும், "பிச்சை வாங்கின சோறு இருக்கிற மேசையில என் குடும்பம் சாப்பிடாது" என்றார்.

"நானும் அன்னிக்கு இறைச்சியும் நூடுல்ஸும்தான் கொண்டு போயிருந்தேன்" என்றார் மாமியார். "அதே மாடு. ரெண்டு பாத்திரமும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. மேபல் என்னை ஒரு தடவை பாத்தா. ஒரே ஒரு தடவை. நான் வாயைத் தொறக்கல. அவ பாத்திரத்தை எடுத்துக்கிட்டு நடந்து போயிட்டா. உங்கப்பா எம் பாத்திரத்துல ரெண்டு தடவை போட்டுக்கிட்டாரு."

மேபல் அதற்குப் பிறகு எங்கள் சர்ச்சுக்கு வரவில்லை. மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தார். அந்தப் பெயர் மட்டும் ஊரில் ஒட்டிக்கொண்டது. எனக்கே அவரை அறிமுகப்படுத்தியவர்கள் "நிவாரண மேபல்" என்றுதான் சொன்னார்கள்.

"கடையில எதிர்ல வந்தா நான் அடுத்த வரிசைக்குப் போயிடுவேன். அம்பத்தோரு வருஷமாப் போயிக்கிட்டிருக்கேன். எனக்கு எம்பத்திரெண்டு ஆச்சு. இந்த மாதிரிப் புத்தகம் இன்னொண்ணு வர்றதுக்கு நூறு வருஷம் ஆகும். இதுல மேபல் பேரு வரணும். எங்களுக்குச் சோறு போட்டது அவதான்னு வரணும். இல்லைன்னா எங்க பக்கமே வேண்டாம்."

அண்ணி எழுந்துவிட்டார்.

"அப்பா பேரை ஊர் முழுக்கக் கெடுக்கணுங்கறே. அவர் வந்து பதில் சொல்ல முடியாது."

"உயிரோட இருந்தப்பவே நான் எதுத்துக் கேக்கல. அது என் தப்பு. என் தப்பைத்தான் எழுதுங்கறேன்."

அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"உனக்குச் சந்தோஷமா இருக்குமே."

"இருக்கு அண்ணி" என்றேன். "இருபத்தொம்பது வருஷமா உங்க வீட்டுப் பெருமையைக் கேட்டுக்கிட்டே பாத்திரம் கழுவியிருக்கேன். கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுக்கறேன், விடுங்க."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ரோலண்ட் சாப்பிட வந்தார். முழுக்கதையையும் அவருக்குச் சொன்னோம். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அக்கா. அவர் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு முழுவதையும் காலி செய்தார்.

"நல்லா இருந்துச்சாம்மா அந்த இறைச்சி?"

"கொஞ்சம் நாரு."

"ம்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு டிராக்டருக்குப் போய்விட்டார். இந்த வீட்டில் ஆண்கள் முக்கியமான விஷயங்களை இப்படித்தான் முடித்து வைப்பார்கள்.

ஒரு மணிக்கு மாமியார் சொல்லச் சொல்ல நான் ஜோலீனின் தட்டச்சு இயந்திரத்தில் அடிக்க ஆரம்பித்தேன். அண்ணி கிளம்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஜன்னல் ஓரம் நின்று ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாடு, இழுவண்டி, குக்கர், சர்ச் விருந்து, மேபல் ஹாஸ்கெட் என்ற முழுப் பெயர், எல்லாம் ஏறியது. ஓட்டோவுக்கு ஒரு வரிகூட இல்லை.

கடைசியில் அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சேத்துக்கோம்மா. அப்பாவுக்கு இது தெரியாதுன்னு போடு. தெரிஞ்சிருந்தா அந்த வார்த்தை அவர் வாயில வந்திருக்காது. அது மட்டும் இருந்தா நானே கொண்டு போயிக் குடுத்துடறேன்."

அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. மாமியாரும் தலையாட்டினார். "என் கணவருக்கு இது கடைசிவரை தெரியாது" என்று அடித்தேன்.

காகிதத்தை உருவி எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அத்தை, மேபலைக் கேட்டீங்களா? அவங்க பேரைப் போட்டிருக்கோமே."

மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"என் கோட்டை எடு" என்றார்.

அண்ணியின் காரில் மூவரும் போனோம். மேபல் இப்போது டவுனில் தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். வாசலில் நான்கு படி. நான் கை கொடுக்கப் போனேன். மாமியார் தட்டிவிட்டுத் தானே ஏறிப் போய்க் கதவைத் தட்டினார்.

மேபல் வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். உயரமான பெண்மணி. எழுபத்தொன்பது வயதில் முதுகு வளையவில்லை. எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

"அல்வினா."

"மேபல்." மாமியாருக்கு மூச்சு வாங்கியது. "ஒரு காகிதம் கொண்டுவந்திருக்கேன். படிக்கச் சொல்றேன், கேளு. கேட்டுட்டுக் கதவைச் சாத்தறதுன்னா சாத்திக்கோ."

"படிக்கச் சொல்லு."

மாமியார் காகிதத்தை என்னிடம் தரவில்லை. மகளிடம் நீட்டினார்.

"நீ படி இர்மா. உன் குரல்தான் தெளிவா இருக்கும்."

அண்ணி படித்தார். முதல் நாலு வரி ஞாயிறு பள்ளிக் குரலில் வந்தது. சர்ச் விருந்து வந்ததும் குரல் இறங்கியது. "பிச்சை வாங்கின சோறு" என்ற இடத்தில் நின்றுவிட்டார். மேபல் அவசரப்படுத்தவில்லை. அண்ணி அந்த வரியையும் படித்தார். "நான் வாயைத் திறக்கவில்லை. மேபல் ஹாஸ்கெட் எங்களைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. என் கணவருக்கு இது கடைசிவரை தெரியாது."

மேபல் கையை உயர்த்தினார்.

"அந்தக் கடைசி வரி தப்பு."

"எது?" என்றார் அண்ணி.

"கெர்ஹார்டுக்குத் தெரியும்."

மேபல் வலைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மாமியாரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பிப்ரவரில நீ பையனைப் பெத்துட்டுப் படுத்திருந்தே. உனக்குக் காய்ச்சல். பால் இல்ல. உங்க வீட்டு ஜாடியெல்லாம் தீந்து போச்சு. கெர்ஹார்ட் என் பின்வாசலுக்கு வந்தாரு. தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னாரு. 'ஓட்டோ அனுப்பினதுல ஏதாவது மிச்சம் இருக்கா மேபல்?'னு கேட்டாரு. சிரிக்கல. நானும் சிரிக்கல. ஓட்டோ அனுப்பினது என் வீட்ல எப்படி இருக்கும்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. எட்டு ஜாடி எடுத்துக் குடுத்தேன். கோணியில போட்டுத் தூக்கிட்டுப் போனாரு."

"பிப்ரவரியா?" என்றார் அண்ணி. "விருந்து மார்ச்சுல இல்ல?"

"பதினெட்டு நாள் கழிச்சு."

நான் மேபல் பக்கம் நின்றிருந்தேன். காலையிலிருந்து எனக்கு இருந்த சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மாமியார் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் அவருடைய குரலாகவே வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே உன்னை அப்படிப் பேசினாரா? எதுக்கு?"

"அதையும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு. சாகறதுக்கு முந்தின வருஷம் வந்தாரு, இதே படியில. உள்ள வா. நின்னுக்கிட்டுச் சொல்ற கதை இல்ல."

"நீ கூப்பிடறதுக்கு நான் தகுதி இல்ல மேபல்."

"அது எனக்குத் தெரியும். குளிருது, உள்ள வா."

மாமியார் அண்ணியிடம் பேனாவை வாங்கி, காகிதத்தைக் கதவின் சட்டத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "அந்த வரியை என்ன பண்றதுன்னு நீயே பாத்துக்கோ" என்று இரண்டையும் மகளிடம் கொடுத்துவிட்டு, மேபலின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மணி நாலு நாற்பது. அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டார். காகிதத்தைக் கிழித்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். கிழித்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். முழங்காலில் வைத்துப் பேனாவால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். அடித்த இடத்துக்குக் கீழே குனிந்து எழுதினார். எழுதி முடித்து, தன் பெயரையும் போட்டு, என்னிடம் நீட்டினார்.

"பாரு, எழுத்து புரியுதா."

வழக்கமான குண்டு குண்டு எழுத்துதான். 'எங்கள் தந்தைக்குத் தெரியும். மேபலின் வாசலில் நின்று வாங்கி வந்தவர் அவர்தான். நானும் சாப்பிட்டேன்.'

"புரியுது அண்ணி" என்றேன்.

அவர் எழுந்து கார்ச் சாவியைத் தேடினார். உள்ளேயிருந்து மேபல் ஏதோ சொல்வதும், மாமியார் "மெதுவாச் சொல்லு, முதல்லேருந்து சொல்லு" என்பதும் கேட்டது.

"நீங்க உள்ள போகலையா? ஏன் அப்படிப் பேசினாருன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"வேணும்" என்றார். கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, காகிதத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். "ஆனா முதல்ல இதைக் குடுத்துட்டு வந்துடறேன். காரணத்தைக் கேட்டுட்டேன்னா, அப்புறம் குடுக்க எனக்கு மனசு வராது."